நைனாவின் எலும்புக்குள் மறுபடியும் ரத்தம் ஊறுகிறது

என்னைப் பெத்த அம்மாவுக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நைனா பிழைத்துக்கொண்டார். நீ போன பிறகு உன் வீட்டுக்காரருக்கு என்னென்ன நடந்தது என்று உனக்கு யார் வந்து சொல்லியிருக்கப் போகிறார்கள்? ஒருவேளை பாதிச் சேதி மட்டும் உன் காதுக்கு எட்டி, நீ அங்கே பதறிக்கொண்டிருந்தால்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து முடிக்கிறவரை பயப்படாதே. முடிவு நல்லபடியாகத்தான் இருக்கிறது.

இங்கே சந்தவாசலில் ஆடிக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. என் தையல் மிஷின் பக்கத்தில் ஆடித் திருவிழாவுக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைத் துணி குவிந்து கிடக்கிறது. மேலே மலையில் நல்ல மழையாம். காலையில்தான் நைனா போன் செய்தார். ஆமாம், அவரே செய்தார்.

நீ போனது சாமை அறுப்பு முடிந்த கையோடு. காரியம் எல்லாம் முடிந்து நான் மலையிறங்கும்போது, "என்னோட வந்து இரு நைனா" என்று கூப்பிட்டேன். "மாட்ட யாரு பாத்துக்கறது? புளி வேற காய்ச்சிக் கெடக்குது. நீ போ கண்ணு, நான் இருந்துக்கறேன்" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீகூட நம்பியிருப்பாய். அழுது முடித்த மனுஷனின் முகமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் போன் பேச்சுதான். நம்ம ஊரில் டவர் கிடைக்கிற பாறை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமே. சாயந்திரமானால் அதன்மேல் ஏறி நின்று கூப்பிடுவார்.

"சாப்ட்டியா நைனா?"

"ஆச்சு கண்ணு."

"இன்னா சாப்ட்ட?"

"இருந்ததத்தான். நீ சாப்ட்டியா? மாப்ள சாப்ட்டாரா?"

பேச்சு அப்படியே என் பக்கம் திரும்பிவிடும். அந்த "ஆச்சு"க்கு வெறும் டீத்தண்ணி என்று அர்த்தம் என எனக்கு எப்படித் தெரியும் அம்மா? காலையில் ஒரு டீ, மத்தியானம் ஒரு டீ, பொழுது சாய்ந்தால் இன்னொன்று. நடுவில் எப்போதாவது கூழில் இரண்டு வாய். அடுத்த வீட்டிலிருந்து உன் தம்பி பெண்சாதி கொடுத்தனுப்பும் சோறு அப்படியே நாய்க்குப் போயிருக்கிறது. சடையன் மாமா கேட்டால், "பசிக்கல மச்சான்" என்பாராம். மாமாவும் துக்கத்தில் இருக்கிற மனுஷன் என்று விட்டுவிட்டார். துக்கத்தில் யார்தான் வாய்க்கு ருசியாகத் தின்கிறார்கள்?

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் மாமாவின் போன் வந்தது.

"பூங்கொடி, மாமன் பேசறேன். உங்க நைனா புளியமரத்தாண்ட வுழுந்துட்டாரு. நீ பதறாத. மரத்து மேலருந்து இல்ல. கீழ நின்னுக்கினு இருந்தவரு, அப்டியே கண்ண இருட்டிக்கினு உக்காந்துட்டாரு. ஜீப்புல ஏத்தினு வர்றேன். நீ கீழ ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

நானும் உன் மருமகனும் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது, மாமா அவரை ஒரு மூட்டையைப் போல ஜீப்பிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார். தூக்கும்போது மாமாவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. நைனா அவ்வளவு லேசாகியிருந்தார். ஏர்க்கலப்பையை ஒற்றைக் கையில் தோளுக்கு ஏற்றுகிற மனுஷன் அவர். வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கயிறு போட்டுக் கட்டியிருந்தார். காலில் முள் குத்திய இடம் ஆறாமல் சீழ் வைத்திருந்தது. இரண்டு முழங்கையிலும் யாரோ அடித்ததுபோல ஊதாநிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"இது இன்னா மாமா, எங்கனா இடிச்சிக்கினாரா?"

"அதாம்மா எனக்கும் புரியல. லேசா பட்டாலே கன்னிப்போவுது."

ரத்தம் எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டரம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணாடி போட்டவர், நிதானமாகப் பேசுகிறவர். "ரத்தத்துல மூணு வகை அணு இருக்கு. சிவப்பு குறைஞ்சா தலை சுத்தும். வெள்ளை குறைஞ்சா புண் ஆறாது. தட்டணு குறைஞ்சா சும்மா பட்டாலே ரத்தம் கட்டும். இவருக்கு மூணுமே குறைஞ்சிருக்கு" என்றார்.

"ஏன் டாக்டர்?"

"ரத்தம் எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையிலதான் உண்டாகுது. அங்க ஏதோ தகராறு. என்னன்னு தெரியணும்னா இடுப்பெலும்புல ஊசி போட்டு, கொஞ்சம் எடுத்துப் பார்க்கணும்."

உன் மருமகன்தான் கேட்டார். "புத்துநோயா இருக்குங்களா மேடம்? அவங்க வூட்டம்மா அதுலதான் போனாங்க."

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

புற்றுநோய் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நீ படுத்திருந்த கட்டில்தான் கண்ணுக்கு வந்தது. உன் தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்த அதே சனியன் இவர் எலும்புக்குள்ளும் புகுந்துவிட்டதா? ஒரே வீட்டில் இரண்டு பேரையா?

ஊசி போட்டுவிட்டு வெளியே தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது நைனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "ரொம்ப வலிச்சுதா?" என்றேன். "மரத்துப்போவ மருந்து போட்டாங்க. அப்பறமும் ஆணி அடிக்கற மாதிரி இருந்துச்சி. உங்கம்மா பட்டதுல இது ஒண்ணுமில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுவா இருந்தா நல்லதுதான் கண்ணு. சீக்கிரம் போய்டலாம்" என்றார். போர்வையை இழுத்துவிட்டேன்.

முடிவு வருகிறவரை அவரை வார்டிலேயே வைத்திருந்தார்கள். நானும் கூடவே இருந்தேன். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். காசநோய்க்குப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றுமில்லை என்று வரும்போது எனக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்றே தெரியவில்லை. வேறு எங்கும் இல்லையென்றால் அங்கேதானே இருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் நான் வேண்டாத சாமி இல்லை. உன்னையும் வேண்டினேன். கேட்டதா?

டாக்டரம்மா ஒருநாள் காலையில் நேராக நைனாவின் கட்டிலுக்கே வந்தார். அவருடைய நடையிலேயே ஏதோ வித்தியாசம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புற்றுநோய் இல்லை. ஒரு அணுகூட இல்லை. தேடித் தேடிப் பார்த்துட்டோம்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அப்பறம் இது இன்னாங்க?"

"பட்டினி" என்றார் டாக்டரம்மா.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். மஜ்ஜையில் எப்போதும் கொழுப்பும், ரத்தம் உண்டாக்குகிற அணுக்களும் கலந்து நிறைந்திருக்குமாம். ஆள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு முதலில் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும். அது தீர்ந்தால் சதையைக் கரைக்கும். அதுவும் போதாமல் போனால் கடைசியில் எலும்புக்குள் சேர்த்து வைத்திருப்பதையும் தொட்டுவிடும். "இவருக்கு மஜ்ஜையில இருந்த கொழுப்பு கரைஞ்சுபோச்சு. ரத்தம் உண்டாக்குற அணுக்கள் அங்கங்க கொஞ்சம்தான் மிச்சம். மத்த இடமெல்லாம் ஜெல்லி மாதிரி, கொழகொழன்னு ஒண்ணு நிரம்பியிருக்கு. அதனாலதான் ரத்தம் ஊறலை."

"வெறும் பசியா டாக்டர்? வெறும் பசிக்கா இவ்ளோ?"

"வெறும் பசின்னு சொல்லாதீங்கம்மா. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா ஒரு சின்னக் காய்ச்சலே இவரைக் கொண்டுபோயிருக்கும். ஆனா ஒரு நல்ல விஷயம் என்னன்னா, இது திரும்பும். சாப்பிட்டா மஜ்ஜை பழையபடி ஆகும். மெதுவாத்தான் ஆகும், ஆனா ஆகும்."

அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நைனா அப்போதுதான் திரும்பினார். அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏம்மா, நம்ம மலைல முன்ன மழையே பொய்ச்ச ஒரு வருசம் மாடு ஆடெல்லாம் எளைச்சிச் செத்துச்சி. அப்ப ஆட்டு நல்லிய ஒடைச்சா உள்ள வெள்ளையா கெட்டியா இருக்காது. சளி மாதிரி தண்ணியா ஊத்தும். யாரும் வாயில வெக்க மாட்டாங்க. அந்த மாதிரியா?"

டாக்டரம்மா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "அதேதான் ஐயா."

"ஆட்டுக்கு மேய புல்லு இல்ல, அது செத்துச்சி. எனக்கு வூட்ல குதிரு நெறைய சாமை கெடக்குது" என்றார் நைனா. சொல்லிவிட்டுத் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டை இன்னொரு கையின் விரல்களால் வளைத்துப் பிடித்துப் பார்த்தார். தன் உடம்பை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

டாக்டரம்மா போனதும் நான் வராந்தாவுக்கு ஓடினேன். உன் மருமகன் டீ வாங்கிக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தார். "இன்னா பூங்கொடி, இன்னா சொன்னாங்க?" என்று கேட்கும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது. "பசிங்க, பசியாம்!" என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஏதோ துக்கம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். அவர்களை நிறுத்தி, அது இல்லைங்க, சந்தோஷம் என்று சொல்லவேண்டும்போல இருந்தது.

நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது. சாப்பிட வைப்பதுதான் பாக்கி. கிண்ணத்தில் கொஞ்சம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். நைனா கரண்டியைக் கையில் எடுத்தார். வாய்வரைக்கும் போனது. திரும்பக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார்.

"முடியல கண்ணு."

"ஏன் நைனா? இன்னா ஆவுது, சொல்லு."

அப்போதுதான் சொன்னார். கடைசி வாரத்தில் நீ அவரிடம் கஞ்சி கேட்டாயாமே? குழாய் வழியாக இல்லாமல் வாயால் ஒரு வாய் குடிக்கவேண்டும் என்று கேட்டாயாமே? புரை ஏறிவிடும், தரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் பஞ்சைத் தண்ணியில் நனைத்து உன் உதட்டில் ஒற்றினாராம். நீ கண்ணை மூடிக்கொண்டாயாம்.

"அவ கேட்டு நான் குடுக்கல. அவள வெச்சிக்கினு நான் மட்டும் கொல்லைப்பக்கம் போயி, மறைவா நின்னு தின்னுட்டு வருவேன். இப்ப வாயில சோறு வெச்சா அவ மொகந்தான் வருது. தொண்டைய அடைச்சிக்குது. எறங்க மாட்டேங்குது" என்றார்.

அழாமல்தான் சொன்னார் அம்மா. எனக்குத்தான் தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்து, நீ சொன்னதைச் சொன்னேன். நீ படுத்திருந்த நாளில் ஒருநாள் என்னைக் கருவாடு வறுக்கச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? "உனக்கு எதுக்கும்மா இப்ப கருவாடு?" என்றதற்கு, "வாசனையாச்சும் புடிச்சிக்கறேன். உங்க நைனாவ இங்கயே வந்து துண்ணச் சொல்லு. பூன மாதிரி ஒளிஞ்சி ஒளிஞ்சி துண்ணுட்டு வர்றாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிக்கினு இருக்காரு. அவரு துண்றதப் பாத்தா எனக்குத் துண்ண மாதிரி இருக்கும்டி" என்றாய். நான் அப்போதே போய் அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். காதில் ஏறவில்லை போலிருக்கிறது. காதில் ஏறுகிற நேரமா அது?

இந்தத் தடவை ஏறியது. "அப்டியா சொன்னா?" என்றார். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா. எல்லாம் தெரியும்."

"பூனைன்னா சொன்னா?"

"ஆமா."

அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. நீ போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. கிண்ணத்தை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினார். இறங்கியது. இன்னொரு வாய். அதற்குமேல் நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாரோ என்று ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் சடையன் மாமா பண்ணின கூத்தைக் கேள். நைனா சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று நான் போனில் சொன்னதுதான் தாமதம், மனுஷன் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, இரண்டு உருண்டை களியும் கட்டிக்கொண்டு, மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றார். தூக்குச் சட்டியைத் திறந்தவுடன் வார்டே மணத்தது. நர்ஸம்மா ஓடி வந்தார்.

"யாருங்க அது? மூடுங்க, மூடுங்க! இதெல்லாம் இப்ப குடுக்கவே கூடாது."

"ஏம்மா? சாப்புடாததுதான் வியாதின்னீங்க. இப்ப சாப்புடவும் வேணான்றீங்க?"

"ரொம்ப நாள் பட்டினி கெடந்த ஒடம்பு ஐயா. திடீர்னு நெறைய குடுத்தா ரத்தத்துல உப்பெல்லாம் தாறுமாறா ஆயி, நெஞ்சே நின்னுடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். அதுக்குத்தான் தெனம் ரத்தம் எடுத்துப் பாக்கறோம்."

மாமா பேயறைந்ததுபோல நின்றார். ஆசையாகக் கொண்டுவந்த குழம்பு ஆளைக் கொன்றுவிடும் என்றால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்புறம் அவரும் உன் மருமகனும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதை ஒருவழி பண்ணினார்கள். நைனா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "காரம் கொஞ்சம் தூக்கலாத்தான் வெச்சிருப்பான்" என்றார். சாப்பாட்டைப் பற்றி அவராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

வார்டிலிருந்து விட்ட பிறகு அவரை இங்கே என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சத்துமாத்திரை, பால், முட்டை, குழைந்த சோறு, பருப்பு என்று டாக்டரம்மா சொன்ன வரிசைப்படி கொடுத்தேன். தினமும் போராட்டம்தான். சில நாள் தட்டைத் தள்ளிவிடுவார். சில நாள் முழுவதும் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பார். கால் வீங்கிப் போய், அது வேறு ஒரு பயம். நேராகிவிட்டது என்று நினைக்கிறபோது ஒரு காய்ச்சல் வந்து மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. அப்போதெல்லாம் நீ இருந்தால் ஒரு அதட்டலில் சாப்பிட வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்த அதட்டல் வராது.

சித்திரை வெயிலில் ஒருநாள். நான் மிஷினில் இருந்தேன். நைனா உள்ளேயிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் கூச்சப்படுகிற மாதிரி நின்றார்.

"இன்னா நைனா?"

"இல்ல... இன்னும் நேரம் ஆவல போலக்குது. ஆனா பசிக்குது கண்ணு."

அம்மா, மிஷின் ஓடிக்கொண்டே இருக்க நான் காலை எடுத்துவிட்டேன். துணி எங்கே போய்க் கோணித் தைத்ததோ தெரியாது. பசிக்குது என்று ஒரு பிள்ளை சொல்லித் தாய்க்குச் சந்தோஷம் வந்து பார்த்திருக்கிறேன். பெற்ற தகப்பன் சொல்லிக் கேட்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? சோறு சூடாகக்கூட இல்லை. மோர் ஊற்றிப் பிசைந்து, வறுத்த மிளகாய் வைத்துக் கொடுத்தேன். தட்டை வழித்துத் தின்றார்.

போன மாதம் ரத்தம் பார்த்தார்கள். மூன்று அணுவும் ஏறியிருக்கிறது. சிவப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். "மறுபடியும் எலும்புல ஊசி போடணுமா மேடம்?" என்று நைனா பயந்துகொண்டே கேட்டார். "வேண்டாம் ஐயா. ரத்தமே சொல்லுதே, உள்ள மஜ்ஜை வேலை செய்யுதுன்னு" என்று டாக்டரம்மா சிரித்தார். கால் புண் ஆறி, புதுத்தோல் வந்துவிட்டது. முழங்கையில் கருப்பு எதுவும் இல்லை. வேட்டிக்குக் கயிறு வேண்டாம்.

அதற்குப் பிறகு அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை. மழை விழுந்துவிட்டது, விதைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாமா வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிடுவது என்று பேசி முடித்த பிறகுதான் ஜீப்பில் ஏற்றிவிட்டேன். மாமா எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

இன்று காலையில் நைனா போன் செய்தது எதற்கென்று நினைக்கிறாய்? என் மேல் பாசம் பொங்கியா? இல்லை. புகார் சொல்ல.

"இன்னாம்மா சமைக்கறா உங்க மாமி? கொழம்புல உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. வாயில வெக்க முடில. நீ கொஞ்சம் சொல்லு அவகிட்ட."

பின்னாலேயே மாமியின் சத்தம் கேட்டது: "ரெண்டாந்தரம் சோறு வாங்கிப் போட்டுக்கினு பேசற பேச்சப் பாரு!"

உன் சமையலை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நீ போட்டதைத் தலை குனிந்து தின்றுவிட்டு எழுந்து போவார். இப்போது உப்புக்குச் சண்டை போடுகிறார் அம்மா! போனை வைத்துவிட்டு நான் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

உன்னை மறந்துவிட்டார் என்று நினைக்காதே. பேச்சுக்குப் பேச்சு நீதான் வருகிறாய். நீ வரும்போது தொண்டை அடைப்பதில்லை, அவ்வளவுதான். உனக்கும் அதுதானே வேண்டியிருந்தது?

நீ நிம்மதியாக இரு. நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நைனா உயிரோடு இருக்கிறவரை எந்த வேளையும் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார். மலையில் இருந்தால் மாமா வீட்டு ஆட்கள் நடுவில், இங்கே வந்தால் எங்கள் நடுவில். அவர் எதிரே எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்போம், அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு. உனக்கும் சேர்த்துப் பார்ப்போம்.

உன் வயிற்றில் பிறந்து, உன் கையால் தின்று வளர்ந்த மகள்,
பூங்கொடி